தோற்கப் பழகிய கை

நுவரெலியா பஜாரில் இருந்த தையல்காரர் ஒருவர் அவருக்கு மட்டும் சட்டையின் வலது கையை இடது கையைவிட இரண்டு விரற்கடை அகலமாக வெட்டுவார். அப்படி வெட்டாவிட்டால் முழங்கைக்குக் கீழே துணி ஏறாது. பத்து வயதிலிருந்து டென்னிஸ் ராக்கெட் பிடித்த கை. இடது கை நம் எல்லோருடைய கையையும்போலத்தான் இருக்கும். வலது கை யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியதுபோல இருக்கும். அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்தக் கைதான் எனக்கு வருகிறது. கூடவே கோபமும் வருகிறது. அது அவர்மேலா, துரைமார்மேலா, என்மேலா என்று இந்த வயதிலும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. நானே அதைப் பல காகிதங்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் உடப்புசல்லாவைப் பக்கத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்துத் துரைமார் கிளப்பில் செக்ரட்டரி துரை முதல் சமையல்காரக் கோக்கி வரைக்கும் எல்லோருக்கும் அவர் மார்க்கர்தான். மார்க்கர் என்பது உத்தியோகம். கோர்ட்டுக்கு உருளை போட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்து, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டி, துணையில்லாமல் வருகிற மெம்பரோடு ஆடி, புள்ளி சொல்லி, அதற்குச் சம்பளம் வாங்குகிறவர். டென்னிஸைத் தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரர் என்று இன்றைக்குச் சொன்னால் மரியாதையாக இருக்கிறது. அன்றைக்கு அதற்கு வேறு அர்த்தம். சம்பளத்துக்கு ஆடுகிறவன் போட்டிகளில் சேரக்கூடாது, கௌரவத்துக்கு ஆடுகிறவர்களுக்குத்தான் கோப்பை என்பது சட்டம். கிளப் ஹாலில் தேக்குப் பலகை ஒன்றில் வருஷா வருஷம் சாம்பியன் பெயரைத் தங்க எழுத்தில் எழுதுவார்கள். அந்தப் பலகையில் இருந்த அத்தனை பேருக்கும் ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் அதில் கிடையாது. அந்தப் பலகையை வாரம் ஒரு தடவை துடைப்பதும் அவர் வேலைதான்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் நான் அந்தக் கிளப்பில் கிளாக்கராகச் சேர்ந்தேன். என் ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் முதல் கோர்ட் தெரியும். சேர்ந்த ஒரு மாதத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மார்க்கர் ஒவ்வொரு நாளும் தோற்கிறார். நன்றாக ஆடுகிற துரையிடமும் தோற்கிறார், ராக்கெட்டைச் சவுக்குமாதிரி வீசுகிற துரையிடமும் தோற்கிறார். ஆறுக்கு நாலு, ஏழுக்கு ஐந்து. ஆறுக்கு ஒன்று என்று ஒரு நாளும் தோற்றதில்லை. அப்படித் தோற்றால் ஜெயித்தவருக்கு ருசி இருக்காது. ஒவ்வொரு துரைக்கும் எத்தனை வியர்வை வேண்டும், எந்தப் பந்தை அடித்தால் அவருக்கு நாள் முழுக்கச் சந்தோஷம் தங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேக்ஹேண்ட் வராத துரைக்கு அந்தப் பக்கம் பந்தே போகாது. காலில் வாதம் உள்ள துரைக்குப் பந்து காலடிக்கே வரும். துரையின் புள்ளியைக் கணீரென்று சொல்லி, தன் புள்ளியை வாய்க்குள் சொல்லிக்கொள்வார். இங்கிலீஷ் காதில் விழுந்து விழுந்து புரியும், ஆனால் புள்ளி எண்ணுவதைத் தவிர அவர் வாயில் வருகிற இங்கிலீஷ் இரண்டுதான். ஒன்று "குட் ஷாட், சேர்." இன்னொன்று "யெஸ், சேர்."

ஒரு நாள் நரம்பு கட்டிக்கொண்டிருந்தவரிடம் நேராகவே கேட்டேன். அவர் நரம்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஜெயிக்கிறது லேசுங்கய்யா. எதிர்ல நிக்கிறவருக்குத் தெரியாம தோக்கணும் பாருங்க, அதுக்குத்தான் கை வேணும்."

அவர் சொன்னதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, எதைக் கண்டாலும் எரிச்சல் வருகிற வயதுதான்.

ஏன் அப்படி ஆனார் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா கிளப்பை அடுத்த தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். இருவரும் அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை அறை ஒன்றில்தான் இருந்தார்கள். கல்யாணமான புதிதில், அந்தத் தோட்டத்துப் பெரிய துரையை இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுக்கு இரண்டு என்று அடித்துவிட்டார். வயசு அப்படி. துரை ராக்கெட்டை வலையில் எறிந்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில் துரை நின்றார், பிறகு கொழுந்து பறிக்கிற மலைக்கே வந்து நின்றார், சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் வந்து நின்றார். முற்றின இலை, காம்பு அதிகம் என்று சொல்லி அறுபது பெண்களுக்கு அரைப்பேர் போட்டார். அரைப்பேர் என்றால் முழு நாள் மழையில் நின்றும் பாதி நாள் சம்பளம்தான். அந்தத் துரை அதற்கு முன்னாலும் அரைப்பேர் போட்டவர்தான், பின்னாலும் போட்டவர்தான். ஆனால் அன்றைக்குப் போட்டது மார்க்கரால் என்று லயம் முடிவுகட்டிவிட்டது. ஒரு மாதம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அந்த அம்மாவோடு யாரும் பேசவில்லை. குடத்தை வைத்தால் நகர்த்தி வைத்தார்களாம். அந்த அம்மாவுக்கு அப்போது ஆறு மாதம்.

அதற்குப் பிறகு அவர் ஜெயிக்கவில்லை. சனிக்கிழமை சாயந்தரம் கொழுந்துக் கூடையோடு கிளப் வேலியோரம் போகிற பெண்கள் அவரைப் பார்த்து, மார்க்கரே, நாளைக்கு நல்லாத் தோத்துடுங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். நான் ஜன்னலில் இருந்து இதைக் கேட்டிருக்கிறேன். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது, கொஞ்ச நாளில் மதிப்பு வந்தது. ஒரு மனிதன் அறுபது பேருக்காகத் தோற்கிறான் என்றால் சும்மாவா? அந்த மதிப்போடு நான் நிறுத்தியிருக்கலாம். அவரைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

ஒரு ஏப்ரல் சீசனில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் நுவரெலியாவுக்கு வந்தார். அவரும் சம்பளத்துக்கு ஆடுகிறவர், ஊர் ஊராகப் போய்க் காட்சிக்கு ஆடுகிற உலகப் பிரபலம். கூட ஆட வந்தவர் கொழும்பில் காய்ச்சலாகப் படுத்துவிட்டார். இவரோடு கிளப் மெம்பர்கள் ஆடினால் கௌரவச் சட்டத்துக்கு ஆகாது. அப்போதுதான் செக்ரட்டரி துரைக்கு மார்க்கரின் ஞாபகம் வந்தது. கூலிக்கு ஆடுகிறவனும் கூலிக்கு ஆடுகிறவனும் ஆடட்டும் என்று அவர் சொன்னதை நான்தான் ஒழுங்கான வாசகமாக மாற்றிக் கடிதத்தில் எழுதினேன்.

அன்றைக்குத்தான் மார்க்கருக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்தேன். அதுவரை பார்த்த ஆள் இல்லை. பனி விலகி வெயில் வந்திருந்தது. பந்து கோட்டின்மேல் விழுந்து சுண்ணாம்புத் தூள் பறந்தது. வந்தவர் முதல் ஐந்து நிமிஷம் சிரித்துக்கொண்டு ஆடினார். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு சிரிக்கவில்லை. முதல் செட்டை மார்க்கர் எடுத்தார், இரண்டாவதை வந்தவர் எடுத்தார். கடைசி செட்டில் ஐந்துக்கு நாலு, மார்க்கர் முன்னால். இன்னும் ஒரே ஒரு புள்ளி. வந்தவர் பந்தைத் துரத்திப் போன இடத்தில் வழுக்கி ஒரு மூலையில் முட்டிபோட்டு விழுந்துவிட்டார். பந்து மார்க்கரின் வலது கைப்பக்கம் இடுப்பு உயரத்தில் வந்து நிற்கிறது. எதிர்ப்பக்கம் கோர்ட் முழுவதும் காலி. பச்சைக் குழந்தை தள்ளிவிட்டாலும் ஜெயிக்கிற பந்து. மார்க்கர் அதை விழுந்துகிடந்தவரின் கைக்கே அடித்தார். அவர் முட்டிபோட்டபடியே அதைத் திருப்பி அடிக்க, இவர் வலையில் போட்டார். துரைமார்களும் துரைசானிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆகா, என்ன பெருந்தன்மை. அதற்குப் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட எடுக்கவில்லை. ஏழுக்கு ஐந்து என்று தோற்றார்.

வந்தவர் மட்டும் கைதட்டலைக் கேட்டு முகம் சுளித்தார். ஆபீசில் என் எதிரிலேயே செக்ரட்டரி துரையிடம், உங்கள் ஆள் எனக்கு இன்று பிச்சை போட்டான், எனக்கு அது பழக்கமில்லை என்றார். போகும்போது தன் ராக்கெட்டை மார்க்கருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். செக்ரட்டரி துரை அதைப் பத்திரமாக வைக்க வேண்டுமென்று வாங்கி ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கீழே வைத்த அட்டையில் வந்தவரின் பெயர்தான் இருந்தது. அலமாரிச் சாவி என் கொத்தில் சேர்ந்தது.

நான் மார்க்கரைக் கோர்ட்டில் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள் தோற்றால் எந்த மலையில் யாருக்கு அரைப்பேர் விழப்போகிறது, எதற்காக விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்கப்பட்டதுபோல இருந்தது.

"மனசு அந்தப் பக்கம் அடின்னுதாங்கய்யா சொல்லுச்சு. கை கேக்கல. பழகிப்போச்சு."

அதைக் கேட்டு நான் சிரித்தேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால், இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று தோட்டத்துச் சனங்களுக்கெல்லாம் நாடில்லை என்றாகிவிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும், இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேயே இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் இருந்திருந்தால் கதை முடிந்தது. மார்க்கருக்கும் மனைவிக்கும் நான்தான் மனு எழுதினேன். அவருடைய ஒரே மகளை நோர்வூட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த மாப்பிள்ளைக் குடும்பத்துக்குப் பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்து, பிரஜாவுரிமை முதலிலேயே கிடைத்துவிட்டது. மகளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள். ஆகவே இவர்கள் மனு தள்ளுபடியானால் என்றைக்காவது ஒரு நாள் மகள் இந்தக் கரையிலும் இவர்கள் அந்தக் கரையிலும் நிற்க வேண்டும். இதை நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவருக்கு நன்றாகப் புரிந்தது. மனுவில் கையெழுத்துப் போடும்போது கண் கலங்கினார்.

அந்த மனுவில் ஒரே ஒரு ஓட்டைதான். பழைய செக்ரட்டரி துரை ஒருவர் ஒரு தடவை இவரை நீலகிரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார், அங்குள்ள கிளப்பில் தன்னோடு ஆட. போனது நாலு மாதம். போன தேதியும் வந்த தேதியும் கிளப் புத்தகத்தில் இருந்தன. நாலு மாதம் ஒன்றும் செய்யாது. கேட்டால் நாலு மாதம் என்று சொல்லுங்கள், வேறொன்றும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி இளைஞர், கெட்டவர் இல்லை. கிளப்பில்தான் தங்கினார். விசாரணைக்கு முதல் நாள் மாலை அவருக்கு டென்னிஸ் ஆட ஆசை வந்தது. ஆட ஆள்? மார்க்கர்தான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆறுக்கு நாலு, ஏழுக்கு ஐந்து. அதிகாரி முகம் சிவந்து, ஈரத் தலையோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உள்ளே வந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாளைக்கு நல்ல மனதோடு கேள்வி கேட்பார் என்று நினைத்தேன்.

நல்ல மனதோடுதான் கேட்டார். கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மேசை போட்டிருந்தார்கள். மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளப் புத்தகத்தோடு நான் சுவரோரம் நின்றேன். அதிகாரி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில், இந்தியாவுக்குப் போயிருக்கிறாய், ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் இல்லையா என்றார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதுபோலத்தான் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் மார்க்கர் சொன்னார்:

"யெஸ், சேர்."

அதிகாரி நிமிர்ந்தார். அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்றார். யெஸ், சேர். திரும்பிப் போகிற எண்ணம் உண்டா? யெஸ், சேர். மூன்று கேள்வியும் மூன்று பந்து. மூன்றையும் எதிரே இருந்தவருக்கு எங்கே சௌகரியமோ அங்கே திருப்பிக் கொடுத்தார். முதல் நாள் மாலை கோர்ட்டில் நின்ற அதே நிற்பு, முதுகு கொஞ்சம் வளைந்து, முகத்தில் அதே சிரிப்பு. அதிகாரி எழுதிக்கொண்டார். போகும்போது, நேற்று நன்றாக ஆடினோம் என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். ஒரு வருஷமா இருந்தீர்கள், நாலு மாதம்தானே, கேள்வி புரியவில்லையா என்று.

"புரிஞ்சுதுங்கய்யா. பெரிய மனுசன் ஒரு வருசம்னு சொல்றப்ப இல்லைன்னு எப்படிங்க அடிக்கிறது? வாய் வரலைங்க."

சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி கிளப் கேட்டுக்கு வெளியே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். கிளப் புத்தகம் என் கையில் இருந்தது. நாலு மாதம் என்பது அதில் என் கண்ணெதிரில் இருந்தது. ஒரு அடி முன்னால் வைத்து, சேர், இதைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நானும் மனுப் போட்டிருந்தேன். என்னுடைய விசாரணை அடுத்த வாரம், அதே அதிகாரியிடம். மேசைக்கு முன்னால் வாய்கொடுத்த கிளாக்கர் என்று அவர் மனதில் பதிந்துவிடக்கூடாது என்று பயந்தேன். நான் வேதக்காரன். ஞானஸ்நானம் முதல் எல்லாமே கோயில் பதிவில் இருந்தது, எனக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனாலும் பயந்தேன். அடுத்த வாரம் அதிகாரி கேட்ட கேள்விகளுக்கு நான் டாண் டாணென்று பதில் சொன்னேன். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

அவர் மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. மேன்முறையீடு செய்யலாம், செக்ரட்டரி துரை அந்த நாலு மாதத்தை ஒரு கடிதத்தில் எழுதிக்கொடுத்தால் போதும் என்று அவரை நானே தள்ளிக்கொண்டு போனேன். துரை பைப்பைத் துடைத்துக்கொண்டே, உனக்கு எதற்கு இதெல்லாம், கடைசிக் காலத்தில் சொந்த ஊருக்குப் போய் நிம்மதியாக இருக்கலாமே என்றார். துரையின் பார்வையில் அது அன்பான பேச்சு. மார்க்கர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. சொந்த ஊர் என்று அவருக்கு இருந்தது இந்த மலையும் அந்த மண் கோர்ட்டும்தான். இந்தியாவில் அவர் பார்த்தது நீலகிரியில் ஒரு கிளப்பை மட்டும்தான். அங்கேயும் ஒரு கோர்ட்டுக்குத்தான் உருளை போட்டார்.

அவர் தோற்றுத் தோற்றுக் காப்பாற்றிய லயம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அவர்களுக்கு அவரவர் மனு, அவரவர் பயம். பாவம் மார்க்கர் என்று நாலு நாள் பேசினார்கள். அதையும் குற்றம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பிறகு வருஷங்கள் போயின. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள், அவர்கள் நாற்காலியில் கறுப்புத் துரைமார் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் ஆறுக்கு நாலுதான் பிடித்திருந்தது. மார்க்கருக்கு முழங்கையில் வலி வந்தது. வலி வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். முன்பு விட்டுக்கொடுத்துத் தோற்றவர், இப்போது நிஜமாகவே தோற்கத் தொடங்கினார். அதில் கலை இல்லாமல் போயிற்று. ஆறுக்கு ஒன்று, ஆறுக்குப் பூஜ்யம். மெம்பர்களுக்கு ருசிக்கவில்லை. கொழும்பிலிருந்து ஒரு வாலிபனைக் கொண்டுவந்தார்கள். இவரைத் தோட்டத்தில் புல்வெட்டப் போட்டார்கள். அந்தக் கையோடு கத்தி பிடித்துத் தேயிலைக்கு நடுவில் குனிந்து நின்றதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் வேறு பாதையில் திரும்பிவிட்டேன்.

இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தம் வந்த சமயம் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா இந்தியாவுக்குப் போகிற ஃபாரம் ஒன்றை நீட்டி, எப்படியும் போகத்தானே வேண்டும், இப்போதே எழுதிக்கொடுத்துவிடு என்றாராம். பலபேர் பிறகு பார்க்கலாம் என்று நழுவினார்கள். எங்கள் பக்கத்தில் முதலாவதாகக் கையெழுத்துப் போட்டவர் மார்க்கர். மகளிடம்கூட முதலில் சொல்லவில்லை. அவள் நோர்வூட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்து, யாரைக் கேட்டுப் போட்டீங்கப்பா என்று லயத்து வாசலில் உட்கார்ந்து அழுதாள். அவர் பேரக்குழந்தையை வலது கையில் ஏந்திக்கொண்டு நின்றாராம். குழந்தைக்கு அந்தக் கை தொட்டிலளவு இருந்தது என்று அவர் மனைவி சொன்னார்.

நானுஓயா ஸ்டேஷனில் அவர்களை ரயிலேற்றப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு மூட்டை. மகள் ரயில் ஜன்னல் கம்பியை விடவில்லை. மாப்பிள்ளை அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அதை எழுதுவதற்கே எனக்குச் சங்கடமாக இருக்கிறது, நிறுத்திக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு நாலு நாள் முந்தி நடந்தது.

அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைகளில் கிளப் மூடியிருக்கும். உருளை போட்ட கோர்ட் சரியாக இருக்கிறதா என்று ஆடிப் பார்க்க மார்க்கருக்கு ஒரு ஆள் தேவைப்படும். அந்த ஆள் நான். அப்படித்தான் நானும் டென்னிஸ் பழகினேன். அவரை நான் அடிக்கடி ஜெயித்தேன். துரைமாருக்கு விட்டுக்கொடுக்கிறார், நமக்கு எதற்கு விட்டுக்கொடுக்கப்போகிறார், நான் என்ன அரைப்பேர் போடுகிறவனா என்று நினைத்துக்கொண்டேன். கிளாக்கருக்கு நல்ல கை என்று நானே என்னைப் பற்றி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். இத்தனையும் பார்த்த நான் அதை நம்பினேன் என்பதை இன்றைக்கு யாராவது நம்புவார்களா?

அந்தக் கடைசித் திங்கட்கிழமை காலை அவரைக் கிளப்புக்கு வரச் சொன்னேன். கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்த வெளிநாட்டுக்காரரின் ராக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நரம்பு மக்கிப்போயிருந்தது. அவர் வராந்தாவில் உட்கார்ந்து பழைய நரம்பை அறுத்துப் புதிதாகக் கட்டினார். முழங்கை வலியோடு கட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. கட்டி முடித்ததும் நான் சொன்னேன், இன்றைக்கு ஒரு செட் ஆடுகிறோம், நீங்கள் ஜெயிக்க வேண்டும், எனக்காக ஒரே ஒரு தடவை என்று. சரிங்கய்யா என்றார்.

ஆடினோம். பனி வேலி வரைக்கும் வந்து நின்றது. இரண்டே ஆட்டத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் வழக்கம்போலத்தான் ஆடுகிறார். எனக்கு ரோஷம் வந்தது. நீ விட்டுக்கொடுத்தால் நானும் விட்டுக்கொடுக்கிறேன், பார்க்கலாம் என்று பந்தை வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே அடித்தேன். வெளியே போகிற பந்தை அந்த ஐம்பத்தேழு வயது மனிதர் ஓடிப்போய்த் தரையில் விழுவதற்குமுன் பிடித்து என் பக்கம் திருப்பினார். சர்வீஸை வேண்டுமென்றே நீளமாகப் போட்டேன். லைன்ல பட்டுச்சுங்கய்யா என்று புள்ளியை என் பெயரில் சொன்னார். வலையில் போட்டேன். அதற்குப் பதிலாக அவர் இரண்டு பந்தை வலையில் போட்டார். நான் நாற்பது வருஷம் பழகினாலும் அந்த வித்தையில் அவரை மிஞ்ச முடியாது. நாலுக்கு நாலு என்று இருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கெஞ்சினேன். மார்க்கரே, ஒரு தடவை அடிங்க, இங்க யாருமே இல்லை, என்னை அடிங்க என்றேன். அவர் முயற்சி செய்தார். அதை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஓங்கினார். பந்து வந்து என் ராக்கெட்டுக்கு நேராக, மிக நேராக, நான் அடிப்பதற்கு வசதியாக நின்றது.

ஆறுக்கு நாலு. நான் ஜெயித்தேன்.

அவர் ராக்கெட்டைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். நீங்களே கொண்டுபோங்கள், உங்களுக்குக் கொடுத்ததுதானே என்றேன். வேணாங்கய்யா, கேட்டா நீங்கதான பதில் சொல்லணும் என்றார். பிறகு வலைக்குப் பக்கத்தில் வந்து, எல்லா ஆட்டத்துக்குப் பிறகும் துரைமாரிடம் நிற்பதுபோல நின்று, அந்தக் கையை எனக்கு நீட்டினார். பதினேழு வருஷம் என்னை ஐயா என்று கூப்பிட்ட மனிதர்.

"குட் ஷாட், சேர்" என்றார்.